மார்கழிப் பூவும் மடியில் பிள்ளையும்

பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஆடு, கோழி வளர்ப்பவர்களின் கேள்விகள் வரிசை கட்டும். குட்டிக்குச் சளி பிடித்திருக்கிறது, கொட்டிலில் என்ன விரிக்கலாம்? கோழிக்குஞ்சுக்கு எத்தனை பல்பு போடலாம்? வீட்டில் இருக்கும் பச்சைக் குழந்தையைப் பனியிலிருந்து எப்படிக் காப்பது என்று கேட்பவர்கள் அபூர்வம். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியம்தான். ஆண்டிபட்டிப் பக்கத்தில் 40 சென்ட் மல்லிகையும் ஒரு டஜன் வெள்ளாடும் வைத்திருக்கும் ஒரு குடும்பமும் 2018 கார்த்திகையில் அந்தத் தைரியத்தோடுதான் இருந்தது.

ஆண்டிபட்டியைக் குளிர் ஊர் என்று யாரும் சொல்வதில்லை. மேற்கே மலை மறைத்து நிற்பதால் தென்மேற்கு மழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. வைகை அணை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் தண்ணீர் கிழக்கே போய்விடுகிறது. வெயிலும் வறட்சியும்தான் இந்த ஊரின் அடையாளம். ஆனால் வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் வெளுத்த பிறகு மார்கழியிலும் தையிலும் இரவு வேறு மாதிரி இருக்கும். மேகம் இல்லாத இரவில், பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தரை மேலே விட்டுவிடும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தை நோக்கி இறங்கும். பொழுது விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் குளிர் உச்சத்துக்கு வரும். பெரியவர்களுக்கு ஒரு துண்டும் ஒரு டீயும் போதும். ஏழு வாரக் குழந்தைக்கு அது போதாது.

அந்த இரண்டு மணி நேரம்தான் மல்லிகை எடுக்கிற நேரமும்.

இரண்டு கிலோ நூறு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, உள்மாவட்டங்கள் வரை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு அடுத்த வாரம் அந்த வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. எடை 2 கிலோ 100 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைவான குழந்தை என்று கணக்கு. மூத்தவன் பிறந்தபோது 3 கிலோ இருந்தான். அவனுக்கு இப்போது ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. தங்கச்சியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "இது குட்டியா, புள்ளையா?"

மருத்துவமனையில் இருந்து அனுப்பும் முன் நர்ஸ் குழந்தையின் தாயிடமும் தகப்பனிடமும் உட்கார்ந்து பேசினார். குழந்தை சிறியதாக இருக்க இருக்க அதன் எடைக்கு மேல்தோலின் பரப்பு அதிகம்; சூடு சீக்கிரம் வெளியே போய்விடும். உடம்பில் கொழுப்பும் குறைவு. பெரியவர்களைப் போல வெடவெடவென்று நடுங்கிச் சூடு உண்டாக்கவும் பச்சைக் குழந்தைக்குத் தெரியாது. தலை பெரிது என்பதால் தலை வழியே போகும் சூடு அதிகம். அதனால் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, எப்போதும் ஈரம் இல்லாத துணி. எல்லாவற்றையும் விடச் சிறந்த கதகதப்பு, தாயின் நெஞ்சுதான்.

குழந்தைக்கு ஒரு தொப்பியும் அரைத்துணியும் மட்டும் போட்டு, தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே சேலையும் போர்வையும் சுற்றிக்கொள்ள வேண்டும். கங்காருத் தாய் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் 1978-ம் ஆண்டு, குறை எடைக் குழந்தைகளை வைக்கப் போதிய கருவி இல்லாத நிலையில் மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி. இன்று அது உலகமெங்கும் நடைமுறையில் இருக்கிறது. தாய்க்கு முடியாத நேரத்தில் தகப்பனும் வைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னபோது அப்பத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் முன்பு மார்கழியில் பிறந்து விறைத்துப் போன ஒரு வெள்ளாட்டுக் குட்டியைத் துடைத்து, சட்டைக்குள் விட்டு, இரவெல்லாம் கொட்டிலில் உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தக் குட்டி பிழைத்து, இப்போது இரண்டு ஈற்று ஈன்றுவிட்டது.

"குட்டியை வச்சிருந்தவன் புள்ளையை வச்சுக்க மாட்டேனா?" என்று மட்டும் சொன்னார்.

பூ இல்லாத மாதத்து விலை

மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. கோடையில் கூடை கூடையாகப் பூ வரும். அன்று விலை இருக்காது. மார்கழியில் பனி விழுந்து செடி ஒடுங்கிவிடும். மொட்டு சிறுக்கும், எண்ணிக்கை குறையும், வரத்து சுருங்கும். அப்போது விலை ஏறும். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும், பொங்கலை ஒட்டி இரண்டாயிரம், மூவாயிரம் என்று போவதும் பல வருடங்களாகப் பார்த்த சங்கதிதான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குள் தேனி மாவட்டத்துப் பூவும் அடக்கம். பெயர் எதுவானாலும் பனிக்காலத்தில் செடியில் பூ இருந்தால்தான் காசு.

முறையாகச் செய்தால் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, எருவும் உரமும் வைத்து, பங்குனிப் பூவுக்குச் செடியைத் தயார் செய்துவிட வேண்டும். அந்த வீட்டுக்காரர் பாதிச் செடியைக் கவாத்து செய்தார். பாதியை விட்டுவைத்தார். பிரசவச் செலவு, மூத்தவனின் ஸ்கூல், கடனுக்கு வட்டி. பொங்கல் விலையில் அந்த இருபது சென்ட் எதையாவது கொடுக்கும் என்று நினைத்தார். அதில் தவறொன்றும் இல்லை. அக்கம்பக்கத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

சிக்கல் பூ எடுப்பதில் வந்தது. பூ எடுக்க வருகிறவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. செடி நிறையப் பூ இருக்கும் நாளில் ஆள் வரும். ஒரு செடிக்கு நாலு மொட்டு தேடி எடுக்க வேண்டிய மார்கழியில், அந்தக் கூலிக்கு யார் பனியில் நனைவார்கள்? வீட்டு ஆள்தான் இறங்க வேண்டும். அப்பத்தாவுக்கு இருட்டில் கண் தெரியாது. அவர் மகனுக்கு விடியற்காலையில் பால் கறந்து ஊற்றும் வேலையும் கிணற்றுக் கரண்டு வரும் நேரமும் ஒன்றாக வந்து விழும். மொட்டைத் தொட்ட மாத்திரத்தில் எது நாளைய மொட்டு, எது இன்றைய மொட்டு என்று கை சொல்லிவிடுகிற ஆள் அந்த வீட்டில் மருமகள் ஒருத்திதான்.

குழந்தைக்கு நாற்பது நாள் முடிந்த மறுநாள், ஜனவரி முதல் வாரத்தில், அவள் தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நாலு மணிக்குப் பால் கொடுப்பாள். நாலரைக்குக் காட்டில் இருப்பாள். செடியில் இருக்கிற பனியில் சேலை முழங்கால் வரை நனைந்துவிடும். ஈர மொட்டு சீக்கிரம் பழுத்துவிடும் என்பதால் வீட்டுக்கு வந்து துணியில் பரப்பி ஆற்றிவிட்டுத்தான் கமிஷன் கடைக்குக் கொடுத்துவிடுவாள். ஈரத்தோடு வந்தவள் சேலை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கமாட்டாள். அதில் கண்டிப்பாக இருந்தாள். ஏழு மணி ஆகிவிடும்.

அதுவரை குழந்தை அப்பத்தாவிடம்.

அப்பத்தாவுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

அப்பத்தா நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர். அவருக்குத் தெரிந்த பல விஷயங்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் சரி என்றுதான் சொல்வார்கள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் குழந்தைக்குப் பயன்படுத்துவார். அது ஈரத்தை வாங்கும், தோலை உறுத்தாது. தூளியில் போடும்போது அடியில் இரண்டு மடிப்பாகக் கம்பளியை விரிப்பார். தூளியின் அடிப்பக்கம் ஒற்றைத் துணிதான், காற்று கீழிருந்துதான் ஏறும் என்று அவருக்குத் தெரியும். எட்டு மணிக்கு மேல் இளவெயிலில் மடியில் வைத்து உட்காருவார். சளி என்றால் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பார்.

தெரியாத விஷயம் புகை. குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டுவார். விடியற்காலைக் குளிருக்குச் சட்டியில் கரிக்கங்கு அள்ளிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாக்கு வைத்து அடைத்துவிடுவார். மூக்கு அடைத்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பார். எல்லாம் பிரியத்தில் செய்வதுதான்.

அந்த வாரம் மருமகளின் அக்காள் மூணாற்றிலிருந்து போன் செய்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவள். 2019 ஜனவரியில் மூணாறு வட்டாரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கியது. விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்பு கொட்டியது போல உறைபனி. அதன்மேல் வெயில் பட்டதும் தேயிலைக் கொழுந்து கருகியது. கொழுந்து இல்லாவிட்டால் எடுக்கிறவர்களுக்குக் கூடுதல் கிலோவுக்கான காசும் இல்லை. அந்தக் குளிரிலும் அவள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இருந்தது.

"எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"இங்க குளிருன்னு எல்லாருக்கும் தெரியும்டி. பொறந்த அன்னைக்கே ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் எடுத்து வச்சிருவோம். உங்க ஊர்லதான் குளிரையே நம்ப மாட்டீங்க. பாப்பாவுக்குக் குல்லா போட்டிருக்கியா?"

"நான் இருக்கும்போது போட்டிருக்கேன்."

"நெருப்பு வச்சா கதவைத் திறந்து வை. இல்லாட்டி நெருப்பே வேணாம். கரிச்சட்டியை உள்ள வச்சுக் கதவைச் சாத்திப் படுத்தவங்க மறுநாள் எந்திரிக்கலன்னு மலையில அப்பப்போ கேக்குறோம்."

கரிக்கங்கில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. புகை தெரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. மருமகள் அன்றே மாமியாரிடம் சொன்னாள். "அத்தை, கங்கு மட்டும் வேணாம் அத்தை" என்று கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். "உன் வீட்டுக்காரனை இப்படித்தான் வளர்த்தேன்" என்று பதில் வந்தது. கங்கு சட்டி கட்டிலுக்கு அடியில் இருந்து கதவோரத்துக்கு நகர்ந்தது. அவ்வளவுதான்.

அறுபது வரை எண்ணிய பிள்ளை

ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு நாலு நாள். ஏழு மணிக்குப் பூவோடு வந்தவள் பிள்ளையைத் தூக்கினாள். முதல் நாள் இருந்த லேசான இருமல் நின்றிருந்தது. அது நல்லதுதானே என்றார் அப்பத்தா. ஆனால் வாய் மார்பில் பட்டும் குழந்தை இழுக்கவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு விட்டுவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த சோதனை அது. வயிறும் பாதமும் இரண்டுமே கதகதப்பாக இருந்தால் குழந்தை நலம். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே நெஞ்சோடு அணைக்க வேண்டும். இரண்டும் சில்லென்று இருந்தால் நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது. பாப்பாவின் பாதம் சில்லென்று இருந்தது. மூச்சு வேகமாக ஓடியது.

வேகம் என்றால் எவ்வளவு? அதற்கும் கணக்கு உண்டு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம் என்பதற்கு முதல் அடையாளம். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் இன்னும் மோசம்.

தகப்பன் செல்போனில் நிமிடக் கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணத் தொடங்கியதும் கை நடுங்கி, இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டார். மறுபடி தொடங்கினார். பக்கத்தில் நின்ற மூத்தவன், ஒன்றாம் வகுப்பில் நூறு வரை எண்ணப் படித்தவன், தானும் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். தங்கச்சியின் வயிறு ஏறும்போதெல்லாம் ஓர் எண். ஐம்பது வந்தது. அறுபது வந்தது. நிமிடம் முடியும்போது அறுபத்தெட்டில் நின்றான். தப்பில்லாமல் எண்ணிவிட்ட சந்தோஷத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மூச்சு வேகமாக இருந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், வீட்டில் வைத்துப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிப் பார்ப்போம் என்பதற்கும் இடமில்லை. 108-க்குப் போன் போனது. வண்டி வரும்வரை அவள் ரவிக்கையைத் தளர்த்திக் குழந்தையை நெஞ்சோடு வைத்து, தன் போர்வையோடு கணவனின் போர்வையையும் சுற்றிக்கொண்டாள். வண்டியில் போகும்போதும் அப்படியே வைத்திருந்தாள். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது குழந்தையின் பாதத்தில் கொஞ்சம் சூடு திரும்பியிருந்தது.

நிமோனியாதான். ஆக்சிஜன், ஊசி, சொட்டு மருந்து. எட்டு நாள்.

எட்டு நாள்

குளிர் மட்டும் நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை, கிருமிதான் கொண்டுவருகிறது. ஆனால் எடை குறைந்த பிள்ளை, விடியற்காலைக் குளிரில் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளவே தன் பலத்தையெல்லாம் செலவு செய்கிறது. சாம்பிராணிப் புகையும் விறகுப் புகையும் கரிப்புகையும் அதன் பிஞ்சு நுரையீரலைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வாசலைத் திறந்துவிடுகின்றன. கற்பூர எண்ணெய் இன்னொரு ஆபத்து. கற்பூரம் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கைக்குழந்தைக்கு வலிப்பைக்கூடக் கொண்டுவரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு இருமலுக்கு என்று தேன் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சாக மாறும். வார்டில் டாக்டர் இதையெல்லாம் சொன்னபோது அப்பத்தாவும் அங்கே இருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவர்தான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அந்த வருடம் பொங்கலுக்கு ரேஷன் கடையில் பொங்கல் பொருளோடு ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய் இரண்டு கம்பளியும் ஒரு சின்னக் கம்பளித் தொப்பியும் காலுறையும் வாங்கி வந்தார் அப்பத்தா. சுவெட்டர் இருந்ததிலேயே சிறியது ஆறு மாதக் குழந்தைக்கானது. "வளர்ந்து போட்டுக்கட்டும்" என்று அதையும் வாங்கிவிட்டார். கரும்பு வாங்கக் காசு மிஞ்சவில்லை. மூத்தவனும் கேட்கவில்லை.

ஜனவரி 15, பொங்கல் அன்று தாய் வார்டில் இருந்தாள். தகப்பன் காலையில் ஆட்டைப் பார்த்துவிட்டு, மதியம் வார்டு வாசலில். காட்டில் பூ எடுக்க ஆள் இல்லை. எடுக்காத மொட்டு இரவில் வெடித்து, மறுநாள் செடியிலேயே வெள்ளையாக விரிந்து நிற்கும். விரிந்த மல்லிகைக்குக் கடையில் விலை கிடையாது. வாசம் மட்டும் ரோடு வரைக்கும் வரும். பக்கத்துக் காட்டுக்காரம்மா தன் வேலையை முடித்துவிட்டு இரண்டு நாள் வந்து முடிந்ததை எடுத்துக் கொடுத்தார். மற்ற நாள் பூவெல்லாம் செடியிலேயே பழுத்தது. கமிஷன் கடைக்காரர் போனில் அன்றைய விலையைச் சொன்னார். அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அது எவ்வளவு என்று அவளுக்கும் தெரியும்.

இரவில் வார்டில் தாய் அசந்து தூங்கும் நேரம் தகப்பன் முறை வந்தது. ஆக்சிஜன் எடுத்த பிறகு, அனுமதி கேட்டு, சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். வெளியில் நின்ற ஒரு பெரியவர், "ஆம்பளை நெஞ்சுல என்னய்யா இருக்கு?" என்று கேட்டார். "சூடு இருக்கே" என்றார் இவர்.

ஆட்டுக் கொட்டிலில் கற்றது

ஜனவரி 19 அன்று குழந்தை வீடு திரும்பியது. எடை 3 கிலோவைத் தொடவில்லை, ஆனால் நன்றாகப் பால் குடித்தது. தை மாதப் பனி குறையவே இல்லை. முகூர்த்தம் தொடங்கிவிட்டதால் பூ விலையும் இறங்கவில்லை. மறுபடி அதே கேள்விதான்: விடியற்காலை நாலரை முதல் ஏழு வரை பிள்ளையோடு யார் இருப்பது? முன்பு அவர்கள், பூவை யார் நன்றாக எடுப்பார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சம் இருந்தவரிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். இப்போது பிள்ளைக்கு ஆளை முடிவு செய்துவிட்டு, மிச்சத்தைப் பூவுக்குக் கொடுத்தார்கள்.

பனி இறங்கும்வரை தாய் வீட்டில். பக்கத்துக் காட்டுக்காரம்மாவிடம் பாதிப் பங்குக்குப் பூவைப் பேசிவிட்டார்கள். கிலோ கூலிக்கு வராதவர் பங்குக்கு வந்தார். விலை ஏறினால் அவருக்கும் ஏறும் அல்லவா? வெளிச்சம் வந்ததும் அப்பத்தா போய் விட்டுப்போன மொட்டைத் தேடி எடுப்பார். பாலை ஊற்றிவிட்டு வரும் தகப்பன் ஆறு மணிக்குப் பிள்ளையை நெஞ்சில் வாங்கிக்கொள்வார். தாய் ஒரு மணி நேரம் தூங்குவாள். வருமானம் பாதியானது உண்மைதான். எட்டு நாளில் செடியிலேயே பழுத்துப் போனதோடு பார்த்தால் அந்தப் பாதி பெரிது.

வீட்டையும் அவர் மாற்றினார். தகரக் கூரை இரவில் சில்லிட்டுப் பனித்தண்ணீர் சொட்டும். அதற்குக் கீழே கட்டிலுக்கு நேராகப் பழைய பாயை விதானம் போலக் கட்டினார். சிமென்ட் தரையில் சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் கம்பளி. வாடைக்காற்று வரும் பக்கம் ஆள் படுக்கும் உயரத்துக்குச் சாக்குப் படுதா. அதற்கு மேலே ஒரு முழம் இடைவெளி. ஆட்டுக் கொட்டிலில் இதைத்தான் செய்வார்கள். கீழே காற்று குட்டிமேல் படக்கூடாது, மேலே மூத்திர ஆவி வெளியே போக வழி இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்த கொட்டிலில்தான் குட்டிக்குச் சளி அதிகம் பிடிக்கும். கொட்டிலுக்குத் தெரிந்த நியாயம் வீட்டுக்கு மட்டும் மறந்து போயிருந்தது. விறகடுப்பு தாழ்வாரத்துக்குப் போனது. கரிச்சட்டியை அப்பத்தாவே எடுத்துக் கொல்லைப்புறம் கவிழ்த்துவிட்டார். சாம்பிராணி சாமி மாடத்தோடு நின்றது.

குளிப்பாட்டுவதும் மாறியது. விடியலில் இல்லை, வெயில் ஏறி பத்து மணிக்கு மேல், கதவைச் சாத்திக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில், சீக்கிரமாக. துடைத்ததும் முதலில் தொப்பி, பிறகுதான் சட்டை. பனி அதிகமான நாளில் துடைத்துவிடுவதோடு சரி.

அந்த மாதக் கடைசியில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் நடந்தது. மூத்தவன் வீட்டில் இருந்தான். தினமும் காலையில் செல்போனை எடுத்துக்கொண்டு தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணுவான். அது அவன் வேலை என்று அவனாகவே எடுத்துக்கொண்டான். நாற்பத்தி மூன்று. நாற்பத்தாறு. ஒரு நாள் நாற்பத்தொன்று. "அப்பத்தா, இன்னைக்குக் கொஞ்சம்தான்" என்று கத்தினான். கிராம சுகாதார நர்ஸ் தடுப்பூசிக்கு வந்தபோது, கணக்கை அவனிடமே கேட்டுக்கொண்டார்.

மாசியில் பனி விலகியது. விட்டுவைத்த இருபது சென்ட்டையும் கவாத்து செய்தார்கள். தாமதமான கவாத்து, அதனால் அந்தப் பாதியில் கோடைப் பூ பிந்தியே வந்தது. கடனில் வட்டி மட்டும் கட்ட முடிந்தது. அடுத்த கார்த்திகையில் பாப்பாவுக்கு ஒரு வயது; ஓடத் தொடங்கியிருந்தாள். அந்த வருடமும் மார்கழிப் பூவுக்குப் பாதிச் செடியை விட்டுவைத்தார்கள். மொட்டு வருவதற்கு முன்பே பங்குக்கு ஆள் பேசி முடித்திருந்தார்கள். மூணாற்று அக்காளிடமிருந்து இரண்டு கம்பளித் தொப்பி முன்கூட்டியே வந்திருந்தது. ஆறு மாதத்துக்கான சுவெட்டர் அப்போதுதான் பாப்பாவுக்குச் சரியாகப் பொருந்தியது.